கார்டு இருக்கட்டும், பிராக்கெட்டைக் காட்டுங்கள்

பிக்கப் வண்டிக்கு முன்னால் கார்டு என்கிற இரும்புக் குழாய்த் தடுப்பை மாட்டியவர்கள் அதன் குழாய் கனத்தையும் கறுப்புப் பெயின்ட்டையும் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் குனிந்து பம்பருக்குப் பின்னால் பார்க்கிற ஆள். 30 கிலோ இரும்பை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிடித்துக்கொண்டிருப்பது உள்ளங்கை அகலத்தில் இரண்டு பிளேட், அதுதான் பிராக்கெட். அது எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

என் கார்டு வேறு வண்டியிலிருந்து கழற்றியது, பிராக்கெட் இல்லாமல் வந்தது. கையில் கிடந்த 3 மில்லி பட்டையை வளைத்து மாட்டினேன். வண்டி நின்ற இடத்தில் உறுமும்போதே கார்டு தலையாட்டியது. இரண்டாம் மாதம் வளைவில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல். அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கார்டின் எடை போல்ட்டுக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் தொங்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே பிராக்கெட்டுகளின் மேல் கிட்டத்தட்ட 60 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. பள்ளத்தில் இறங்கி ஏறினால் அது பல மடங்கு. பிளேட்டின் கனத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். 3 மில்லிக்கும் 6 மில்லிக்கும் அவ்வளவு தூரம்.

உடனே "அப்படியானால் 12 மில்லி போடு, ஆயுசுக்கும் கவலையில்லை" என்பார்கள். இங்கேதான் எனக்குச் சண்டை. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் போட்டார். புதருக்குள் மறைந்திருந்த அடிமரத்தில் வண்டி முட்டியது. பிராக்கெட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை, சேஸிஸின் முன் முனை திரும்பிக்கொண்டது. அன்றைக்குப் போன பானெட் இடைவெளி இன்றுவரை சரியாகவில்லை. அடி பலமாக விழுந்தால் முதலில் வளைய வேண்டியது பிராக்கெட்தான். கழற்றித் தட்டி நிமிர்த்தலாம், இல்லாவிட்டால் ஒரு மதியத்தில் வேறு செய்துகொள்ளலாம். சேஸிஸை அப்படிச் செய்ய முடியாது. 6 மில்லி சாதா இரும்பு, உள்மூலையில் ஒரு முக்கோணத் தாங்கல், இதற்கு மேல் நான் போகமாட்டேன்.

சேஸிஸில் நேராக வெல்டிங் வைப்பதும் வேண்டாம். இப்போதைய சேஸிஸ்கள் பலவற்றில் இருப்பது உறுதி கூடிய எஃகு, சூடு பட்ட இடத்தில் அதன் பலம் போய்விடும். இழுவைக் கொக்கி மாட்டும் ஓட்டைகள் கம்பெனியே போட்டுக்கொடுத்தவை, அவற்றையே பிடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் ஏர்பேக் சென்சாரோ ரேடாரோ இருந்தால் அதை மறைக்கவோ நகர்த்தவோ கூடாது. கார்டே மாட்டாதே என்று வண்டிக் கையேட்டில் போட்டிருந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் பிராக்கெட்டுக்கு அட்டையில் மாதிரி எடுப்பது. தடித்த பெட்டி அட்டையைச் சேஸிஸ் முனையில் வைத்து விரலால் அழுத்தினால், ஓட்டையைச் சுற்றிய கிரீஸ் அழுக்கு கச்சிதமாக ஒரு வளையம் பதித்துக் கொடுக்கும். எந்த டேப்பும் அவ்வளவு சரியாக அளக்காது. கார்டை ஜாக்கியின் மேல் கட்டை வைத்து நிறுத்தி, கிரில்லுக்கு 25 மில்லி இடைவெளி விட்டு, பானெட் திறக்கிறதா, ஹெட்லைட் மறைகிறதா என்று பார்த்த பிறகே அட்டையை வெட்டினேன். இவ்வளவு நிதானமாகச் செய்தவன் கடைசியில் இரண்டையும் ஒரே பக்கம் வளைத்து வைத்திருந்தேன். இரண்டும் இடது. அன்றிலிருந்து அட்டையில் பெரிதாக "இட", "வல" என்று எழுதிவிடுகிறேன்.

துளை போடப் பஞ்ச் உளியால் குத்தி, 5 மில்லி டிரில் பிட், அப்புறம் 12 மில்லி தடிமனுள்ள எம்12 போல்ட்டுக்கு 13 மில்லி. வேகம் குறைவாக, எண்ணெய் விட்டுக்கொண்டே. சீவல் சுருள் சுருளாக வந்தால் சரி, கிறீச்சிட்டுப் பொடியாக உதிர்ந்தால் பிட் மழுங்கிவிட்டது. 6 மில்லியை வைஸில் பிடித்து வளைக்கத் தோள் போதாது. வளைவுக் கோட்டில் கிரைண்டரால் பாதி ஆழம் கீறி, மடித்து, கீறலை வெல்டிங்கால் நிரப்பினேன். பிராக்கெட்டை வண்டியில் வைத்து, அதன் துண்டுகளுக்குப் பொட்டு வெல்டிங் மட்டும், அதற்கும் முன்பு பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். முழு வெல்டிங் மேசையில்தான். கார்டுப் பக்கத்து ஓட்டைகளை மட்டும் நீளமாக்கினால் இடம் வலம் நகர்த்திக்கொள்ளலாம்.

நட் தளராமல் இருக்கப் போடும் ஸ்பிரிங் வாஷர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கவாட்டு அசைவில்தான் போல்ட் வேகமாகத் தளர்கிறது என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே காட்டிவிட்டார். கார்டு ஆடுவதும் அப்படித்தானே. 8.8 என்ற உறுதித் தர போல்ட், தடித்த தட்டை வாஷர், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட். எல்லாவற்றையும் கையால் ஏற்றி, கார்டை நேராக்கி, கடைசியில் 80 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கினேன். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பிடித்துப் பார்த்தபோது ஒன்று கால் சுற்று ஏறியது.

போன வாரம் ஒரு கல்லில் மோதி இடது பிராக்கெட் ஒரு விரல் அளவு மடங்கிவிட்டது. சேஸிஸை நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் "இட" அட்டை பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வெட்ட வேண்டும்.