ஒரே டூரில் யாரும் அம்மா ஆகிவிட முடியாது

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'பிளெண்டட்' பார்த்தோம். 2014-ல் வந்த படம். மனைவியை இழந்த ஆடம் சாண்ட்லருக்கு மூன்று மகள்கள், விவாகரத்தான ட்ரூ பாரிமோருக்கு இரண்டு மகன்கள். தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி ரிசார்ட்டில் இரு குடும்பமும் தற்செயலாக ஒன்றாகத் தங்க நேர்கிறது. அவர் அவளுடைய மகனுக்கு பேஸ்பால் பழக்குகிறார், இவள் அவருடைய மூத்த மகளின் தலைமுடியை மாற்றிவிடுகிறாள். ஒரு விடுமுறையிலேயே முக்கால்வாசி ஒட்டிக்கொள்கிறார்கள்.

எனக்கு அந்த வேகம்தான் உறுத்தியது. ஏனென்றால் அதை நம்பித்தான் நானும் ஒருமுறை கொடைக்கானல் போனேன்.

எங்கள் இருவருக்குமே இது இரண்டாவது கல்யாணம். அவர் மகளுக்கு அப்போது பதினொன்று, என் மகனுக்கு எட்டு. முதல் கோடை விடுமுறைக்கு மூன்று நாள் பயணம். கிளம்பும்போது நான் இயல்பாகக் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அத்தனை வருஷமும் அப்பா பக்கத்தில் அவள் உட்கார்ந்து வந்த இடம் அது. வத்தலக்குண்டு தாண்டும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தேன். கோக்கர்ஸ் வாக்கில் போட்டோ எடுத்தவர், "பாப்பா, அம்மா பக்கத்துல நில்லு" என்றார். அவள் அப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

என் மகனுக்கு வேறு கஷ்டம். சாயங்காலம் அவனுடைய அப்பாவிடமிருந்து போன் வந்தால் வெளியே போய்விடுவான். ஏரியில் படகு ஓட்டியதைச் சொல்லவே மாட்டான். நாம் சந்தோஷமாக இருந்தது தெரிந்தால் அப்பா வருத்தப்படுவார் என்று அவனாகவே முடிவு செய்திருந்தான்.

இந்த மாதிரிக் குடும்பங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா பேப்பர்நவ் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். புது ஆளைப் பிடித்துப்போனால் சொந்த அம்மாவுக்கோ அப்பாவுக்கோ துரோகம் செய்ததாகிவிடுமோ என்று பிள்ளைகள் தவிப்பார்கள். குடும்பம் ஒன்று சேர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை எல்லோரையும் எப்போதும் ஒன்றாகவே வைத்திருக்காமல், பெற்றவரும் பிள்ளையும் தனியாக இருக்க நேரம் கொடுங்கள் என்கிறார். சினிமா காட்டும் டூர் இதற்கு நேர் எதிர். எல்லோரையும் ஒரே இடத்தில் அடைத்து, நாலு சாகசம் வைத்து, கடைசியில் கட்டிப்பிடிக்க வைத்துவிடும்.

இது பழைய பழக்கம். 'தி பிராடி பஞ்ச்' என்ற அமெரிக்க டிவி தொடர் 1969-ல் ஆரம்பித்தது. மறுமணம் செய்துகொள்ளும் கணவருக்கு மூன்று பையன்கள், மனைவிக்கு மூன்று பெண்கள். முதல் எபிசோடிலேயே தேனிலவிலிருந்து திரும்பி வந்து ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்புறம் கிராண்ட் கேன்யன், ஹவாய். ஹவாயில் பிரச்சினை கொடுப்பது ஒரு மரப் பொம்மையின் சாபம்! அந்தப் பெண்களின் சொந்த அப்பா என்ன ஆனார் என்று தொடர் சொல்லவே இல்லை. அவரிடமிருந்து எந்தச் சாயங்காலமும் போன் வராது.

நம் பக்கம் வார்த்தையே சரியில்லை. மூத்த தாரத்துப் பிள்ளை, சித்தி கொடுமை. மாநிலத்துக்கு நிதி வரவில்லை என்றால்கூட 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்றுதான் பேப்பரில் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் 'என்னை அறிந்தால்' படத்தில் அஜித், இறந்துபோன காதலியின் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டே பேர், அவசரமில்லாத பயணம்.

'பிளெண்டட்' படத்திலும் ஒன்று மனதில் நின்றது. நடு மகள் இறந்துபோன அம்மாவுக்கென்று பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்பாள். அந்த நாற்காலியை வைத்தே முழுப் படமும் எடுத்திருக்கலாம். அதில் யாரும் உட்காராமலேயே ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிட்டு எழுகிறது என்று காட்டியிருக்கலாம்.

மே மாதம் மூணாறு போகிறோம். முன் சீட் அவளுக்குத்தான். முதல் நாள் காலையில் அப்பாவும் மகளும் மட்டும் நடக்கப் போவார்கள். நானும் என் பையனும் நன்றாகத் தூங்கி எழுந்து, அவன் அப்பாவுக்குப் போன் போட்டு ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்வோம்.