என் எடை என் பிள்ளையின் வாயைக் கட்டவில்லை

ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் அந்தப் பேச்சாளர் சொன்னதைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். எனக்கே நாலு வாட்ஸ்அப் குழுவிலிருந்து காணொளி வந்துவிட்டது. "மாசமாகறதுக்கு முன்னாடியே அம்மா குண்டா இருந்தா பிள்ளைக்குப் பேச்சு லேட்டாகும், மூளை மந்தமாகும்." அதோடு விட்டாரா? முன்வரிசையில் வயிற்றுப்பிள்ளையோடு வடைத்தட்டு வைத்திருந்த பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு. கூட்டமும் சிரித்தது. அவள் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். மூன்று நாளாக எனக்கு அந்தத் தட்டுதான் கண்ணில் நிற்கிறது.

எடை ஒரு விஷயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 23 தாண்டினாலே நீரிழிவு, இதயநோய் ஆபத்து கூடத் தொடங்குகிறது; நம் பலதுறை மருந்தகங்களில் அந்தக் கணக்குதான். மூத்தவன் உண்டானபோது என் பிஎம்ஐ 29. கர்ப்பகாலச் சர்க்கரையும் வந்தது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த அந்தத் தண்ணீரைக் குமட்டலோடு குடித்தவள் நான். விரலைக் குத்திக் குத்தி ரத்தம் பார்த்தவளும் நான்தான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் "ஆபத்து கொஞ்சம் கூடலாம்" என்பதும் "உன்னால்தான்" என்பதும் ஒன்றா?

தாயின் எடைக்கும் பிள்ளையின் வளர்ச்சிக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 5, 7 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த வித்தியாசம் சிறியது. தாயின் படிப்பு, வீட்டு வருமானம், தாய்ப்பால் எல்லாம் அதில் பின்னிக் கிடப்பதால் தனியாகப் பிரித்தெடுப்பது லேசில்லை. ஸ்வீடனில் 2014-ல் வந்த ஆய்வு ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டது. கவனக்குறைவுக் கோளாறுக்கும் தாயின் எடைக்கும் இருப்பதாகத் தெரிந்த தொடர்பு, உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டதும் காணாமல் போனது. பேச்சாளர் இதைச் சொல்லவில்லை. இதில் கைதட்டு கிடைக்காதே.

என் கதைக்கு வருகிறேன். மூத்தவன் இரண்டரை வயதில் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லமாட்டான். ஒரு தீபாவளியன்று சொந்தக்காரர் ஒருவர், "நீ தின்ன பிரியாணி அவன் நாக்குல உட்கார்ந்திருக்கு" என்றார். வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் இன்றும் உறுத்துகிறது. அதை நம்பி ஒன்பது மாதம் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் காதைச் சோதிக்கச் சொன்னார்கள். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர். பிள்ளைக்குச் சரியாகவே கேட்கவில்லை! ஒன்பது மாதம் என் இடுப்பைப் பார்த்தார்களே, அவன் காதைப் பார்த்தார்களா?

சின்னவள் உண்டானபோது இன்னும் ஆறு கிலோ கூட. அவள் பத்து மாதத்திலேயே பேச ஆரம்பித்தவள், இன்றுவரை நிறுத்தவில்லை. இது ஆய்வில்லை என்று எனக்கும் தெரியும். பிரியாணியும் ஆய்வில்லையே.

"நல்லதுக்குத்தானே சொன்னார்" என்கிறீர்கள். நல்லதுக்கு என்றால், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் சாப்பிடு, சர்க்கரையைப் பார், முடிந்தால் நடந்து எடையைக் குறை என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் ஆகியிருக்காது. "உண்மை கசக்கும்" என்று இன்னொருவர். கசக்கட்டும், ஆனால் முழு உண்மையாகக் கசக்கட்டும். அப்பாவின் தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? மேடையில் இருந்தவர்கள் எல்லாம் ஒடிசலா?

சிரித்தால் பெண்கள் எடையைக் குறைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். குறைக்க மாட்டோம், மருத்துவரிடம் போவதைத்தான் நிறுத்துவோம். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொன்ன சர்க்கரைச் சோதனைக்கு நான் போகவில்லை. எடைக் கருவியில் ஏற வெட்கம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் ஆபத்து அதிகம் என்று தெரிந்தும் போகவில்லை. இதை என் கணவரிடம்கூட இதுவரை சொன்னதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

சித்தப்பா, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். "அன்னிக்கு விளையாட்டாத்தானே சொன்னேன்" என்று கீழே வந்து எழுதாதீர்கள். உங்கள் எடை எவ்வளவு என்று இத்தனை தீபாவளியில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.