பதினாலாயிரம் குறைச்சாங்களாம், பத்து பைசா மிச்சமில்ல

"உங்க வீட்டு மதிப்புல பதினாலாயிரம் டாலர் குறைச்சுத் தர்றேன்"னு வரிக்கு மதிப்பு போடற ஆஃபீஸ்ல இருந்த அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னப்ப எனக்கு ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிடலாம்னு தோணிடுச்சு. அப்புறம்தான் கையில இருந்த நோட்டீஸை திரும்ப ஒரு வாட்டி பாத்தேன். அந்தப் பதினாலாயிரத்துல எனக்கு ஒரு சென்ட் கூட மிச்சம் கிடையாது. ஒரு சென்ட்! அரை நாள் லீவு போட்டு, பார்க்கிங் கிடைக்காம மூணு ரவுண்டு சுத்தி, ஃபைலைத் தூக்கிட்டு வந்து உக்காந்தவனுக்கு இந்த கிஃப்ட்.

டெக்சாஸ்ல வீடு வச்சிருக்கறவங்களுக்கு இந்தக் கதை தெரியும். மத்தவங்களுக்குச் சொல்றேன். இங்க ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, ஜாலின்னு கலிஃபோர்னியால இருந்து மூட்டை கட்டிட்டு வர்றாங்கல்ல, அவங்களுக்கு ரியல் எஸ்டேட்காரர் பாதி கதையைத்தான் சொல்லி இருப்பாரு. மீதி பாதி ப்ராப்பர்ட்டி டாக்ஸ். ஸ்கூலுக்கு ஒண்ணு, கவுண்டிக்கு (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒண்ணு, சிட்டிக்கு ஒண்ணு, காலேஜுக்கு ஒண்ணுன்னு எல்லாம் கூட்டினா எங்க வீட்டுக்கு 2.2 சதவீதம் கிட்ட வருது. வருஷா வருஷம். லோன் முடிஞ்சாலும் இது முடியாது.

ஏப்ரல் மாசம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல இருந்து, அதாவது வரிக்காக வீட்டுக்கு மதிப்பு போடற ஆஃபீஸ்ல இருந்து, ஒரு கவர் வரும். ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி உங்க வீட்டு மதிப்பு இவ்வளவுன்னு அவங்களே முடிவு பண்ணி அனுப்புவாங்க. யாரும் வீட்டுக்குள்ள வந்து பாத்ததில்ல. கம்ப்யூட்டர்ல மொத்த ஏரியாவையும் போட்டு ஒரு அமுக்கு அமுக்குனா எல்லா வீட்டுக்கும் ஒரு நம்பர் வந்து விழும். போன வருஷம் 4,62,000 இருந்த என் வீடு இந்த வருஷம் 5,12,000 டாலர் ஆயிடுச்சாம். என்ன பண்ணிட்டேன் ஒரு வருஷத்துல? மாடி கட்டினேனா? தங்கத்துல குழாய் போட்டேனா? பின்பக்க வேலி சாஞ்சு கிடக்கறதை முட்டுக் குடுத்து நிறுத்தி வச்சிருக்கேன், அவ்வளவுதான்.

சரி, ப்ரொடெஸ்ட் பண்ணுவோம், அதாவது இந்த மதிப்பை ஒத்துக்கலன்னு ஃபார்ம் போடுவோம். மே 15, இல்ல நோட்டீஸ் அனுப்பினதுல இருந்து 30 நாள், ரெண்டுல எது பின்னாடி வருதோ அதுக்குள்ள பண்ணணும். மார்க்கெட் விலையை விட அதிகமா போட்டிருக்காங்கன்னு ஒரு கட்டம், அக்கம்பக்கத்து வீடுகளோட ஒப்பிட்டா சமமா இல்லன்னு இன்னொரு கட்டம், ரெண்டையும் டிக் பண்ணணும் (போன வருஷம் எங்க தெரு அண்ணா ஒருத்தர் ஒண்ணை மட்டும் டிக் பண்ணிட்டு ரெண்டாவதைப் பத்தி வாயே திறக்க முடியாம முழிச்சாரு). அப்புறம் இந்தத் தகராறை விசாரிச்சு முடிவு சொல்ற ஏஆர்பின்ற ரிவ்யூ போர்டுக்கு முன்னாடி நிக்கிறதுக்கு முன்னால, அந்த ஆஃபீஸ் அப்ரைசர் கூடவே உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அதுக்குப் பேரு இன்ஃபார்மல் ஹியரிங். பேரைக் கேட்டா ஏதோ காஃபி குடிச்சுட்டே பேசற மாதிரி இருக்கும்.

பதினஞ்சு நிமிஷம். ஒரு சின்ன க்யூபிக்கிள். அந்தம்மா பக்கம் ஒரு மானிட்டர், என் பக்கம் ஒரு மானிட்டர், நடுவுல டிஷ்யூ பாக்ஸ். டிஷ்யூ எதுக்குன்னு அப்ப புரியல.

நான் ஃபோட்டோவை எடுத்து வச்சேன். எங்க வீட்டுக்கு ஃபவுண்டேஷன் பிரச்சனை. இந்த ஊர் களிமண்ணு வெயில்ல சுருங்கும், மழைல உப்பும், வீடு பாவம் அதோட சேந்து ஏறி இறங்கும். கிச்சன் சுவத்துல ஜன்னல் மூலைல இருந்து சீலிங் வரைக்கும் விரிசல். எவ்வளவு அகலம்னு தெரியணும்னு ஒரு கால் டாலர் காசை அதுல சொருகி ஃபோட்டோ எடுத்திருந்தேன், காசு பிடிமானம் இல்லாமயே நிக்குது. மாஸ்டர் பெட்ரூம் கதவு சாத்தாது, ராத்திரில செருப்பை முட்டுக் குடுத்துதான் படுக்கறோம். அந்தம்மா ஃபோட்டோவை ரெண்டு செகண்ட் பாத்தாங்க. "இதெல்லாம் இந்த ஏரியால எல்லா வீட்லயும் உண்டு"ன்னாங்க. எல்லா வீட்லயும் இருந்தா எல்லா வீட்டுக்கும் குறைங்கம்மா, நான் வேணாம்னா சொன்னேன்? எஸ்டிமேட் இருக்கான்னு கேட்டாங்க. இருந்துச்சு. இன்ஜினியர் ரிப்போர்ட்டே இருந்துச்சு, 400 டாலர் குடுத்து வாங்கினது.

அப்புறம் அவங்க காம்ப்ஸை எடுத்தாங்க. அதாவது என் வீடு மாதிரியே இருக்கற, சமீபத்துல வித்த வீடுங்க. டெக்சாஸ்ல வீடு என்ன விலைக்கு வித்துதுன்னு யாரும் வெளிய சொல்லணும்னு சட்டம் இல்ல. அதனால சாதாரண ஆளு பக்கத்துத் தெரு வீடு என்ன விலைக்குப் போச்சுன்னு தேடினா கிடைக்காது, ஏஜென்ட் கைகால்ல விழணும். ஆனா அவங்க கையில மட்டும் லிஸ்ட் இருக்கும். எனக்கு ஹியரிங்குக்கு முன்னாடியே அவங்க ஆதாரத்தைக் கேட்டு வாங்குற உரிமை இருக்குன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னதால கேட்டு வாங்கிட்டேன், இல்லைன்னா அங்க போய்தான் முதல் தடவையா பாத்திருப்பேன். அந்த லிஸ்ட்ல முதல் வீடு, நாங்க தினமும் வாக்கிங் போற வழில இருக்கு. நீச்சல்குளம் இருக்கு. கிச்சனை முழுசா இடிச்சுக் கட்டினப்ப மூணு மாசம் குப்பைத் தொட்டி லாரி நின்னுச்சு, என் கண்ணால பாத்தேன். ரெண்டாவது வீடு குல்-டி-சாக் (முட்டுச்சந்து) உள்ளே, அமைதியான இடம். என் வீட்டுப் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஆறு லேன் ரோடு. ராத்திரி ரெண்டு மணிக்கு எவனோ பைக்கை முறுக்கிட்டுப் போறான், குழந்தை எழுந்து அழுவுது. இதுக்கெல்லாம் அட்ஜஸ்ட்மென்ட் போட்டிருக்கீங்களான்னு கேட்டா, ஸ்விம்மிங் பூலுக்குக் கழிச்சிருக்கோம்ன்றாங்க. ரோடுக்கு? அந்தம்மா மௌஸை ஸ்க்ரோல் பண்றாங்க, பண்றாங்க, பண்ணிக்கிட்டே இருக்காங்க.

கடைசில வந்த ஆஃபர்தான் 4,98,000. பதினாலாயிரம் குறைப்பு.

இப்ப இதுல எனக்கு ஏன் ஒரு சென்ட் மிச்சமில்லன்னு கேட்டீங்கன்னா, இங்கதான் வயிறு எரியுது. இது நாம குடியிருக்கற சொந்த வீடுன்னு பதிஞ்சு வைக்கிற ஹோம்ஸ்டெட் போட்டிருந்தா, வரி போடற மதிப்பு ஒரு வருஷத்துல 10 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது. நல்ல சட்டம்தான். போன வருஷம் எனக்கு வரி போட்ட மதிப்பு 4,28,000. அப்ப இந்த வருஷம் அதிகபட்சம் 4,70,800. மார்க்கெட் வேல்யூ 5,12,000ன்னு போட்டாலும், 4,98,000ன்னு போட்டாலும், 4,80,000ன்னு போட்டாலும் நான் கட்டப் போறது அதே 4,70,800க்குத்தான். அந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கினாத்தான் எனக்கு லாபம். இது அந்தம்மா ஸ்க்ரீன்ல பளிச்சுனு இருக்கு. அதைச் சொன்னா, "அடுத்த வருஷங்களுக்கு உதவும்"ன்னு பதில். அடுத்த ஜனவரி 1க்கு அந்தக் கம்ப்யூட்டரை மறுபடி அமுக்கப் போறது நீங்கதானம்மா!

நான் மசியல. 4,85,000ன்னாங்க. மாட்டேன். உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்து 4,79,000, இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லன்னாங்க. பாத்தீங்களா, கோட்டுக்கு ஒரு முழம் மேலயே நிக்குது. வேணும்னே பண்றாங்கன்னு நான் சொல்லல, அந்தம்மாவும் எங்கயோ மாசச் சம்பளத்துக்கு உக்காந்திருக்கறவங்கதான், ஒரு நாளைக்கு என்னை மாதிரி முப்பது பேரைப் பாத்திருப்பாங்க. ஆனா இந்த அமைப்பு இருக்கே, இது நம்ம ஊர் ஆடித் தள்ளுபடிதான். எம்ஆர்பியை முதல்ல ஏத்தி ஸ்டிக்கர் ஒட்டிட்டு அப்புறம் தள்ளுபடின்னு போர்டு வைக்கிறது. வந்து கத்துறவனுக்கு கொஞ்சம் குறைப்பாங்க. வராதவன்? வேலைக்கு லீவு கிடைக்காதவன், இங்கிலீஷ்ல வாதாட வராத பாட்டி, நோட்டீஸை ஜங்க் மெயில்னு தூக்கிப் போட்டவன், அவன்லாம் ஸ்டிக்கர் விலையைக் கட்டுறான். நியாயமான மதிப்புன்னு ஒண்ணு இருந்தா அது நான் வந்து கேட்டாலும் கேக்கலைன்னாலும் ஒண்ணாத்தானே இருக்கணும்? கோயம்பேட்ல கத்தரிக்கா பேரம் பேசுறது ஓகே, அங்க வேணாம்னா அடுத்த கடைக்குப் போயிடலாம்.

இன்னொண்ணு. அந்த சைன் பண்ற பேப்பர் விஷயத்துல உஷாரா இருங்க. அங்கயே ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டுட்டா இந்த வருஷத்துக்கு ப்ரொடெஸ்ட் முடிஞ்சுது, போர்டுக்குப் போக முடியாது. என் கூட வெயிட்டிங் ரூம்ல இருந்த ஒரு தெலுங்குக்காரர் சந்தோஷமா கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்து, "இருபதாயிரம் குறைச்சுட்டாங்க"ன்னு வீட்டுக்கு ஃபோன் பண்றாரு. அந்த 10 சதவீதக் கோட்டைப் பாத்தீங்களான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. மனுஷன் முகத்துல அவ்வளவு சந்தோஷம்.

யாரைப் போய்த் திட்டறதுன்னும் தெரியல. அப்ரைசல் ஆஃபீஸ்ல கேட்டா, நாங்க மதிப்பு மட்டும்தான் போடுறோம், வரி போடறது ஸ்கூலும் சிட்டியும்பாங்க. அங்க போய்க் கேட்டா, நாங்க ரேட்டைக் குறைச்சுட்டோமே, மதிப்பு போடறது அவங்கதானேம்பாங்க. ரேட்டு குறையுது, பில்லு ஏறுது, எப்படின்னே புரியாம நடுவுல நாம. ஸ்கூல் வரிக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு 2023ல ஒரு லட்சம் டாலர் ஆச்சு, 2025 நவம்பர் ஓட்டெடுப்புல 1,40,000 ஆச்சு, அது பெரிய உதவிதான், இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா அது வந்தும் எஸ்க்ரோ ஷார்ட்டேஜ்னு, அதாவது வரிக்குன்னு மாசா மாசம் பிடிச்சு வைக்கிற பணம் பத்தலைன்னு, பேங்க்காரன் மாசத் தவணையை ஏத்தி லெட்டர் போடறது நிக்கலையே.

இதை அப்பாகிட்ட ஃபோன்ல புலம்பினேன். அவரு திருச்சில ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கார்ப்பரேஷனுக்கு வீட்டு வரி கட்டறவரு, 2022ல தமிழ்நாடு முழுக்க வரி ஏத்தினப்ப ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்துல அதையே பேசினவரு. நான் டாலர்ல சொன்ன தொகையை ரூபால மாத்திப் பாத்துட்டு, "டேய், அதுல இங்க ஒரு மனையே வாங்கலாம்டா"ன்னாரு. அதோட நான் ஆறுதல் தேடறதை விட்டுட்டேன்.

ஏஆர்பிக்குப் போனேன். இன்னொரு அரை நாள் லீவு. அதே கவுண்டில குடியிருக்கற ஆளுங்க மூணு பேர், முன்னாடி தண்ணி பாட்டில். கையைத் தூக்கி உண்மையே சொல்றேன்னு சத்தியம் வாங்கறாங்க, என்னமோ கொலை கேஸ் மாதிரி. அந்தக் காசு சொருகின ஃபோட்டோவை ஒரு பெரியவர் கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அவர் வீட்லயும் இருக்கும் போல. ஆறு லேன் ரோடைப் பத்திக் கேட்டாரு. நான் 4,55,000 கேட்டேன், 4,66,000ன்னு முடிச்சாங்க. கோட்டைத் தாண்டியாச்சு!

இப்ப கணக்கு பாருங்க. 4,70,800ல இருந்து 4,66,000. வித்தியாசம் 4,800. அதுக்கு 2.2 சதவீதம் போட்டா 105 டாலர் சொச்சம். இன்ஜினியர் ரிப்போர்ட்டுக்கு 400, லீவு ஒரு நாள், கலர் ப்ரிண்ட் தனி. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு பாட்டி சொல்லும்போது சிரிச்சிருக்கேன். அடுத்த வருஷ 10 சதவீதம் இந்தக் குறைஞ்ச நம்பர் மேலதான் ஏறும், அதனால போகப் போக லாபம்தான்னு ஃப்ரெண்டு தேத்தறான். இருக்கலாம். நமக்குப் பதிலா போய் வாதாடற கமிஷன் கம்பெனிக்கு விட்டிருந்தா மிச்சத்துல பாதி வரைக்கும் அவன் எடுத்திருப்பான், ஆனா நான் வீட்ல படுத்திருப்பேன்.

நேத்து ஃபவுண்டேஷன் ஆளைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லலாம்னு ஃபோனை எடுத்தேன். வீட்ல தடுத்துட்டாங்க. "ஏங்க, இப்ப சரி பண்ணிட்டா அடுத்த ஏப்ரல்ல எதைக் காட்டுவீங்க?"

காசு இன்னும் அந்த விரிசல்லதான் நிக்குது.