ஷோ டேங்கை விடுங்க, கப்பித் தொட்டியைப் பாருங்க

கொளத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வண்ணமீன் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைவாசலில் இருக்கும் நான்கடித் தொட்டியைப் பார்த்துத்தான் உள்ளே நுழைகிறார்கள். செடி, மரவேர், வெள்ளை லைட், நடுவில் விலை கூடிய டிஸ்கஸ் மீன் நாலு. "நல்லா மெயின்டெய்ன் பண்றாங்கப்பா" என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. அந்தத் தொட்டியில் இருப்பது விற்பனைக்கே இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகை மாதிரி அதுவும் ஒன்று.

ஒரு கடை மீன்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பதை அங்கே விற்கும் மிக மலிவான மீனை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது என் கட்சி. டிஸ்கஸ் செத்தால் கடைக்காரருக்குக் கையைக் கடிக்கும், அதனால் அதை எவரும் கவனித்துக்கொள்வார்கள். கப்பி செத்தால் வலையில் அள்ளி வெளியே போட்டுவிட்டு அடுத்த லோடை இறக்கிவிடலாம். லாப நட்டம் கட்டாயப்படுத்தாத அந்தத் தொட்டிக்கும் ஒருவர் ஒழுங்காகத் தண்ணீர் மாற்றுகிறார் என்றால் அது கையில் ஊறிய பழக்கம். அரோவானா மாதிரிப் பெரிய வேட்டை மீனுக்குத் தீனியாக விற்கிற குட்டி கோல்ட்ஃபிஷ் தொட்டி மூலையில் எங்காவது இருந்தால் முதலில் அங்கே போய் நில்லுங்கள்.

கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் சும்மா நிற்கிற ரகம் அல்ல. கண்ணாடி அருகே விரலைக் கொண்டுபோனால் தீனி என்று நினைத்து ஓடிவர வேண்டும். வாலும் துடுப்பும் விரிந்திருக்கின்றனவா, ஈர்க்குச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மோலி நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்துக்கொண்டிருந்தால் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தால் பட்டினி, இல்லையென்றால் குடல் புழு. கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது கேமலானஸ் புழு. அந்தத் தண்ணீரோடு தொடர்புள்ள எந்தத் தொட்டியிலும் கை வைக்க வேண்டாம்.

செத்த மீன் ஒன்று கண்ணில் பட்டதும் கடையைத் திட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் மீன் இருக்கும் இடத்தில் காலையில் ஒன்றிரண்டு மிதப்பது சகஜம். மாலை ஆறு மணிக்கு, கண் போய், பாதி வயிறு தின்னப்பட்டுக் கிடந்தால்தான் விஷயம் வேறு. காலையிலிருந்து அந்தத் தொட்டியை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதேபோல "அடியில ஒரு கல்லுகூட இல்ல, கூட்டமா அடைச்சு வச்சிருக்காங்க" என்ற குறையிலும் எனக்குப் பாதிதான் உடன்பாடு. விற்பனைத் தொட்டியில் அடித்தளம் வெறுமையாக இருப்பது நல்லது. மிஞ்சிய தீனியும் கழிவும் கண்ணுக்குத் தெரியும், டியூப் போட்டு உறிஞ்சிவிடலாம். கல்லுக்குள் புதைந்தால் யாருக்கும் தெரியாது. ஃபில்டரும் தண்ணீர் மாற்றமும் ஈடுகொடுத்தால் சில நாள் நெருக்கத்தை மீன் தாங்கும். ஈடுகொடுக்காதபோது முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சு.

டெட்ரா, பார்ப், கோல்ட்ஃபிஷ் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் போதவில்லை, அல்லது மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் செவுள் வெந்திருக்கிறது. ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை எடுப்பது இயல்பு, அவற்றின் உடலமைப்பே அப்படி. அடியில் திரியும் கெளுத்தி வகைகளான கோரிடோராஸும் சக்கரும்கூட அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று எடுத்துவிட்டு இறங்கும். இவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சுவிடும் மீனும், கண்ணாடியிலும் குழாயிலும் உடம்பை உரசிக்கொண்டு போகும் மீனும் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுத்துவிட்டவை.

அமோனியா விஷயத்தில் சென்னைக் கடைகளுக்கு ஒரு கூடுதல் சிக்கல். இங்கே பல இடங்களில் போர் தண்ணீர்தான், கடினமானது, பிஎச் (அமில-கார அளவு) 8-ஐ ஒட்டி நிற்பது. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் அமோனியாவில் விஷத்தன்மையுள்ள பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிவிடும். மென்மையான தண்ணீரில் தப்பித்துக்கொள்ளும் சோம்பேறித்தனம் இங்கே மீனைக் கொன்றுவிடும். சொட்டு மருந்து மாதிரி வரும் அமோனியா டெஸ்ட் கிட் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், தொட்டித் தண்ணீர் 5 மில்லி கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவும் ஒரு ரிசல்ட்தான்.

தண்ணீர் நீலமாக இருந்தால் மெத்திலீன் புளூ, மஞ்சளும் பச்சையும் கலந்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் அக்ரிஃபிளேவின். மருந்து போடுவது தப்பில்லை. மருந்துத் தண்ணீரில் இருக்கும் மீனை எடுத்து விற்பதுதான் தப்பு. "நோய் வராம இருக்க முன்கூட்டியே போட்டிருக்கோம்" என்பார்கள். கடை முழுக்க எல்லாத் தொட்டியும் நீலமாக இருந்தால் அந்தப் பதிலை நான் ஏற்க மாட்டேன். மெத்திலீன் புளூ ஃபில்டரில் இருந்து அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும். சிகிச்சைத் தொட்டிக்குத் துண்டுச்சீட்டு ஒட்டி "விற்பனைக்கு இல்லை" என்று எழுதி வைத்திருக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

வெள்ளைப் புள்ளி நோயில் பலர் ஏமாறுவது இப்படி. உடம்பில் ரவை தூவின மாதிரி புள்ளி இருக்கும் மீனை விட்டுவிட்டு, பக்கத்தில் நீந்தும் சுத்தமான மீனை வாங்கிவருவார்கள். புள்ளி என்று நாம் பார்ப்பது தோலுக்கு அடியில் தின்றுகொண்டிருக்கும் ஒட்டுண்ணி. அது முற்றி உதிர்ந்து, தொட்டியில் எங்காவது ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரிந்து, மறுபடி நீந்திவந்து மீனைப் பிடிக்கும். மருந்து வேலை செய்வது அந்த நீந்தும் கட்டத்தில் மட்டும்தான். ஆகவே ஒரு மீனில் புள்ளி தெரிந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் நோயில் இருக்கிறது. கடையில் அடுக்கடுக்கான தொட்டிகளுக்குக் கீழே ஒரே சம்ப் (எல்லாத் தொட்டிக்குமான பொது வடிகட்டும் தொட்டி) வைத்துத் தண்ணீர் சுற்றுகிறது என்றால் வரிசை முழுவதும் ஒரே தொட்டிதான். தொட்டிக்குத் தொட்டி தனி ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே வலை என்றால் பலன் குறைவு. பக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் கிருமி கொல்லும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் வாளியும் அதில் முக்கிவைத்த வலையும் தெரிந்தால் அங்கே வேலை தெரிந்த ஆள் இருக்கிறார்.

"அண்ணே, இந்த லோடு எப்ப வந்துச்சு?" கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. திருவள்ளூர் மாவட்டப் பண்ணைகளின் சிமென்ட் தொட்டிப் பச்சைத் தண்ணீரில் வளர்ந்த மீன், லோடில் குலுங்கி, கடையின் போர் தண்ணீருக்கு மாறுகிறது. அடி விழுந்தது அன்றே தெரியாது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள்தான் சாக ஆரம்பிக்கும். கடையில் ஒரு வாரம் தாக்குப்பிடித்ததை வாங்குங்கள். "நேத்துதான் வந்துச்சு, சூப்பர் குவாலிட்டி" என்றால் அடுத்த வாரம் போங்கள், மீன் இன்னும் இருந்தால். அடுத்து, நாலு குருணை தீனி போடச் சொல்லுங்கள். பாக்கெட்டில் கழிவு சேரும் என்று விற்பனை நாளில் தீனியைக் குறைப்பது நியாயமே, நாலு குருணையால் ஒன்றும் ஆகிவிடாது. சாப்பிடாத மீனுக்குக் காசு கொடுக்காதீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். ஏர் பம்ப் இன்வெர்ட்டரில் இல்லாத நெருக்கடியான கடையில் ஒரு மே மாத மின்தடை போதும்.

ஃபைட்டர் டப்பா வரிசை தனி அத்தியாயம். ஆண் மீன்கள் அடித்துக்கொள்ளும், பிரித்து வைத்தே ஆக வேண்டும், அதனால் டப்பாவே கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கால் லிட்டர் தண்ணீரில் ஃபில்டர் கிடையாது, தினமும் மாற்றுவது ஒன்றே வழி. அடியில் ஊறிப்போன தீனி, பூஞ்சை, ஓரம் கிழிந்த வால், இரண்டு டப்பாவுக்கு நடுவே அட்டை இல்லாமல் நாள் முழுக்க எதிராளியைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டிருக்கும் மீன், இவை தெரிந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் என்ன விற்க மறுக்கிறார் என்பதும் முக்கியம். நம் ஊர்க் கண்ணாடி மீனுக்கு ஊசியில் சாயம் ஏற்றி விற்பவரிடம் வேறெதையும் நம்பி வாங்க முடியாது. மூன்று அங்குல ரெட்டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டும் என்று சொல்லாமல் இரண்டடித் தொட்டிக்காரருக்குக் கட்டிக்கொடுப்பவரும் அப்படித்தான். "டேங்க் கிளீனர்" என்று கொடுக்கும் சக்கர் ஓர் அடிக்கும் மேல் வளர்ந்து, வீட்டுக்காரர் அலுத்துப்போய் ஏரியில் விட்டுத்தான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. கோல்ட்ஃபிஷைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கலாம் என்பவரிடம் வாதாட நேரம் இருந்தால் வாதாடுங்கள். வண்ணமீன் கடைகளுக்கென்று மத்திய அரசு 2017-ல் தனி விதிகள் போட்டு, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனவே இப்போதைக்குச் சோதனை செய்யும் அதிகாரி நீங்கள்தான்.

கடைசியாகப் பாக்கெட் கட்டுவதைக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று அல்லது ஆக்சிஜன். மூலையில் சின்ன மீன் சிக்கி நசுங்காமல் இரண்டு முனையையும் ரப்பர் பேண்ட் போட்டு மடக்க வேண்டும். முள்ளுள்ள கெளுத்தி வகைக்கு இரட்டைப் பை. மேலே செய்தித்தாள் சுற்றினால் இருட்டில் அடங்கியிருக்கும். வீட்டில் 20 லிட்டர் பக்கெட்டும் ஏற்கெனவே ஓடி நல்ல பாக்டீரியா ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தயாராக இருக்கட்டும், குறைந்தது மூன்று வாரம் புதுமீன் அங்கேதான். பையைப் பிரிக்காமல் 15 நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் சாக்கடைக்கு.