குடத்துத் தண்ணியும் போயிருமாய்யா?

போன மழைக்காலத்துக்குச் சற்று முன்னால் எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் மதியம் பொக்லைன் வாளி மண்ணோடு சேர்த்து ஃபைபர் கேபிளையும் அள்ளியது. மோடத்தில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மினுக்க ஆரம்பித்தது. "ஃபைபர் கட்டு சார், குழிய மூடுற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் லைன்மேன். நெட் திரும்பி வர இரண்டரை நாள் ஆனது.

நெட் போனதில் எனக்கு வருத்தமில்லை. போகும், வரும். பழகிவிட்டது. ஆனால் நெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத சாமான்களும் கூடவே படுத்துக்கொண்டதுதான் இந்த நீளமான பதிவுக்குக் காரணம்.

அன்று மாலை திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். கண் டாக்டரிடம் காட்ட வந்தார். 2004-ல் திருக்கடையூரில் நடந்த அவருடைய அறுபதாம் கல்யாண வீடியோ என்னிடம் இருக்கிறது. கேசட்டிலிருந்து மாற்றி, வீட்டில் இருக்கும் நாஸ் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். நாஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு ஹார்டு டிஸ்க் செருகிய ஒரு டப்பா. வீட்டு வைஃபையில் இருக்கிற டிவி, போன் எதிலிருந்தும் அதில் உள்ளதைப் பார்க்கலாம். அந்த வீடியோவில் ஆச்சி வருகிறாள். பந்தியில் இலையைத் திருப்பிப் போட்ட பையனை ஒரு அதட்டு அதட்டுகிறாள். பெரியப்பா எப்போது வந்தாலும் அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் போடச் சொல்வார்.

டிவியைப் போட்டேன். நெட்வொர்க் இல்லை என்றது. நாஸ் டப்பா பக்கத்து அறை அலமாரியில், டிவியிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில், பச்சை விளக்கோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. டிவிக்கும் கரண்ட் இருக்கிறது, டப்பாவுக்கும் கரண்ட் இருக்கிறது, நடுவில் இருக்கும் மெஷ் வைஃபைக்கும் கரண்ட் இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கொன்று பேச மாட்டேன் என்கின்றன.

தெருவில் கேபிள் அறுந்துவிட்டது, அதனால்தான் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏய்யா, பைப்புல தண்ணி வரலைன்னா குடத்துத் தண்ணியும் போயிருமாய்யா?" என்று கேட்டார்.

இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறேன். எனக்குப் பதில் வரவில்லை.

மெஷ் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரே ரவுட்டர் வீடு முழுக்க எட்டாது என்பதால், இரண்டு மூன்று சின்னப் பெட்டிகளை ஆளுக்கொரு மூலையில் வைப்பது. எல்லாம் சேர்ந்து ஒரே பெயரில் ஒரே வைஃபையாகத் தெரியும். மாடிக்குப் போனாலும் போன் அறுபடாது. நான் மூன்று பெட்டி செட்டாகப் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை.

லேப்டாப்பை எடுத்து ரவுட்டரின் முகவரியைத் தட்டினேன். பழைய ரவுட்டர்களில் ஒரு பக்கம் திறக்கும், பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் நோண்டலாம். இதில் வைஃபையே வரவில்லை. சரி, ஒயரைச் செருகிப் பார்ப்போம் என்று செருகினால், "எங்கள் ஆப்பைப் பயன்படுத்தவும்" என்று ஒற்றை வரி. ஆப்பைத் திறந்தேன், மொபைல் டேட்டாவில். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் உங்கள் வீட்டு நெட்வொர்க் ஆஃப்லைனில் இருக்கிறது என்று அறிவித்தது. அதாவது, என் போன் ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வரிடம் போய், என் மடியில் இருக்கிற பெட்டியைப் பற்றி விசாரித்துவிட்டு, அது எங்கே என்று தெரியவில்லையாம் என்று என்னிடம் வந்து சொல்கிறது.

லாஃப்டில் ஏறினேன். 2013-ல் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய பழைய ரவுட்டர், ஒரு ஆன்டெனா உடைந்து கறுப்பு டேப் சுற்றியது, தீபாவளி வாணலிகளுக்குப் பின்னால் கிடந்தது. தூசியைத் தட்டி, நாஸை அதில் செருகி, டிவியை அதன் வைஃபையில் சேர்த்தேன். நெட் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்கவே இல்லை. பத்து நிமிடத்தில் ஆச்சி இலை போடுகிற பையனை அதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் போட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்று அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நெட் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே சோதித்தும் பார்த்தேன். முதலில் ஃபைபரை மட்டும் பிடுங்கினேன். ஆச்சரியம், டிவியும் நாஸும் பாட்டுக்கு ஓடின. பிரிண்டர் அடித்தது. அடுத்து, ஃபைபர் பிடுங்கியபடியே இருக்க, மெஷ் பெட்டியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். அவ்வளவுதான். விளக்கு ஆரஞ்சில் நின்றுவிட்டது, வைஃபை பெயரே காற்றில் இல்லை. மாடிப் பெட்டியும் வாசல் பக்கத்துப் பெட்டியும் தலைவனைத் தேடிக்கொண்டே இருந்தன.

அப்போதுதான் உறைத்தது. கேபிள் அறுந்த அன்று மதியம் கஸ்டமர் கேருக்குப் போன் செய்திருந்தேன். அந்தப் பெண், "ஒரு வாட்டி ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார். பண்ணினேன். அதுவரை உயிரோடு இருந்த வீட்டு நெட்வொர்க்கை என் கையாலேயே கொன்றிருக்கிறேன்.

இது எங்கள் ஊருக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், இங்கே கரண்டும் நெட்டும் ஜோடியாகத்தான் போகும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது அப்படி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து வேளச்சேரியும் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோது அப்படி. கரண்ட் போய்த் திரும்பி வந்தாலே ரீஸ்டார்ட்தானே? கரண்ட் நாலு மணி நேரத்தில் வந்துவிடும், நெட் வர நாலு நாள் ஆகும். அந்த நடுவில் இருக்கிற காலம்தான் இந்தப் பெட்டிகளுக்குப் புரியவே புரியாத காலம். கரண்ட் நிற்காத ஊரில், நெட் அறுகாத ஆபீசில் உட்கார்ந்து யோசித்தவர்களின் கைவேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெட்டியின் பக்கம் நின்றும் கொஞ்சம் பார்ப்போம். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. அணைந்து எழுந்தால் தேதி தெரியாது. பல கருவிகள் 1970 ஜனவரி 1 என்று நினைத்துக்கொண்டு கண் விழிக்கும். நேரத்தை இன்டர்நெட்டில் கேட்டுத்தான் சரி செய்துகொள்ளும். நேரம் சரியில்லை என்றால் கம்பெனி சர்வரோடு பாதுகாப்பாகப் பேச முடியாது, சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிடும். செட்டிங்குகளை கிளவுடில், அதாவது தன் சர்வரில், வைத்திருக்கிற கம்பெனி என்றால், அங்கே போய்க் கேட்காமல் பெட்டி அடுத்த அடி எடுத்து வைக்காது. இன்டர்நெட் இல்லை என்றால் இன்னும் யாரும் என்னை செட்டப் செய்யவில்லை போலிருக்கிறது என்று சில பெட்டிகள் முடிவு கட்டிவிடும். இதெல்லாம் காரணங்கள். சாக்காக ஏற்க மாட்டேன்.

ஏனென்றால் வீட்டுக்குள் ஓடுகிற நெட்வொர்க்குக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை. கம்ப்யூட்டர்களை ஒயரில் இணைக்கிற ஈதர்நெட் பிறந்தது 1973-ல், ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். ஒரே கட்டடத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக. வீடுகளில் இன்டர்நெட் என்ற பேச்சே அன்று இல்லை. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டுமே புழங்குவதற்கென்று 1990-களிலேயே ஒதுக்கி வைத்தவை. டிவிக்கு ஒரு நம்பர், நாஸுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டால் போதும். அந்த நம்பரைக் கொடுக்கிற டி.எச்.சி.பி. வேலையை என் ஆயிரம் ரூபாய் ரவுட்டர் 2013-லேயே யாரையும் கேட்காமல் செய்தது.

என் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் நெட் என்பது பேருக்குத்தான். ஆனால் லேனில், அதாவது கட்டடத்துக்குள் மட்டும் ஓடுகிற நெட்வொர்க்கில், ஃபைல்களைப் பகிர்கிற டி.சி.++ என்ற மென்பொருள் ஓடும். எவன் டிஸ்க்கில் என்ன படம் இருக்கிறது என்று எல்லா அறைக்கும் தெரியும். ப்ரௌசிங் சென்டரில் நெட் கட்டாகிவிட்டால் ஓனர் காசைத் திருப்பித் தர மாட்டார், "லேன்ல கேம் ஆடுங்கப்பா" என்பார். ஆடுவோம். நெட் வேறு, லேன் வேறு என்று ஒன்பதாவது படிக்கிற பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. இப்போது என் பெண்ணிடம் கேட்டால் வைஃபை என்றாலே அது நெட்தான் என்கிறாள். அவள் பார்த்த பெட்டிகள் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

பெரிய இடங்களிலும் இதே கூத்துதான். 2017 பிப்ரவரியில் கூகுளின் அக்கவுண்ட் சேவையில் ஒரு கோளாறு. அதில் கூகுள் வைஃபை, ஆன்ஹப் என்ற கூகுளின் ரவுட்டர் பெட்டிகள் பல, வீட்டில் யாரும் தொடாமலேயே, கடையில் வாங்கிய நாள் நிலைமைக்கு ரீசெட் ஆகிவிட்டன. 2021 அக்டோபர் 4-ம் தேதி நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிற இதே முகநூல் ஆறு மணி நேரம் படுத்ததே, அன்று அவர்களுடைய ஊழியர்களே ஆபீசுக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள் என்று செய்தி வந்தது. கதவு திறக்கிற அட்டையும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க ரவுட்டர்களையும் கேமராக்களையும் பிடித்துக்கொண்டு ஆட்டம் போட்டது. கம்பெனி போட்டுக்கொடுத்து யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள்தான் அதற்கு வழி. கம்பெனியே பார்த்து அப்டேட் போடுகிற மெஷ் பெட்டி, என் பழைய ரவுட்டரைவிடப் பாதுகாப்பானது, சந்தேகமில்லை. அம்மா மாதிரி ஆட்களுக்கு ஆப்பில் நாலு தட்டு தட்டினால் வேலை முடிவதும் நல்லதுதான். ஆனால் அப்டேட் நெட் வந்த பிறகு போட்டுக்கொள்ளட்டுமே. அதுவரை, நேற்று வேலை செய்த செட்டிங்கிலேயே இன்றும் ஓடு என்று பெட்டிக்குச் சொல்லிவைப்பதில் என்ன கஷ்டம்? கடைசி செட்டிங்கைப் பெட்டிக்குள்ளேயே எழுதி வைக்க நகத்தளவு இடம் போதும்.

போனும் இதில் ஒரு குற்றவாளி. வைஃபையில் சேர்ந்ததும் போன் வெளியே ஒரு சர்வரைத் தட்டிப் பார்க்கும். பதில் வரவில்லை என்றால் வைஃபை அடையாளத்தின் மேல் ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டுவிட்டு, நம்மிடம் சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்பா வாசல் கேமராவைப் போனில் பார்ப்பவர். நெட் போகும்போதெல்லாம் கேமரா போச்சு என்பார். கேமரா எங்கும் போகவில்லை, போன்தான் வீட்டை விட்டு வெளியே போய் நிற்கிறது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். அப்பா போனில் அதற்கென்று ஒரு குறிப்பை எழுதி முகப்பிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது வீட்டில் என்ன ஏற்பாடு என்றால், ஒயர் ரவுட்டர் ஒன்று தனியாக வாங்கினேன், விலை இரண்டாயிரத்துக்குள். நம்பர் கொடுக்கிற வேலை முழுக்க அதனுடையது. மெஷ் பெட்டிகளை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட்டேன், வைஃபையைப் பரப்புவது மட்டும்தான் அவற்றுக்கு வேலை. நாஸுக்கும் பிரிண்டருக்கும் கேமராப் பெட்டிக்கும் மாறாத நம்பர் கொடுத்து, அலமாரிக் கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். டிவிக்கும் நாஸுக்கும் நடுவே ஒயரே இழுத்துவிட்டேன். அந்த ஒயர் போகிற வழி பார்க்கச் சகிக்கவில்லை என்று மனைவிக்குக் கோபம். இந்த முறையில் நெட் இல்லாமல் ரீஸ்டார்ட் செய்தாலும் என் பெட்டிகள் வைஃபையைக் கொடுக்கின்றன. ஆரஞ்சு விளக்கு எரிகிறது, எரிந்துவிட்டுப் போகட்டும். எல்லாக் கம்பெனிப் பெட்டியும் இப்படி அடங்கும் என்று சொல்ல மாட்டேன்.

கடையில் கேட்டால், "ஸ்பீடு பயங்கரமா இருக்கும் சார், மூவாயிரம் சதுர அடி கவர் ஆகும்" என்பார்கள். நெட் இல்லாமல் ஆன் செய்தால் வைஃபை வருமா என்று நான் மூன்று கடையில் கேட்டேன். மூன்றாவது கடைப் பையன், "நெட் இல்லாம வைஃபை எதுக்கு சார்?" என்றான். அவனை நான் குறை சொல்லவில்லை. அட்டைப்பெட்டியின் ஆறு பக்கத்திலும் தேடினேன், அந்த ஒரு வரி எங்குமே இல்லை. ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டுகிற நாட்டில் இதற்கும் ஒரு வரி அச்சடிக்கச் சொல்லலாம்.

அதுவரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மெஷ் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை மோடத்தை அணைத்துவிட்டு, மெஷ் பெட்டியை மட்டும் ஒரு முறை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து ஒரு பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். வந்ததா இல்லையா என்று மாடல் பெயரோடு கமெண்டில் எழுதினால் மற்றவர்களுக்கு உதவும். வீட்டில் யாராவது ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.