நாலு பலகைதானாம்!

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும், எங்கள் வீட்டில் ஜன்னல்களை அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்கும். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் அன்றைய குப்பையை ஒரு மூலையில் குவித்துக் கொளுத்திவிட்டுத்தான் அவர்கள் கிளம்புகிறார்கள். எட்டு மாதமாக இதே கூத்து.

முதல் தடவை போய்க் கேட்டபோது மேஸ்திரி சிரித்தார். "நாலு பலகைதானே சார். கொசுவும் போயிடும்" என்றார். கொசு போகவில்லை. எனக்குத்தான் தொண்டை போனது.

சரி, அந்த நாலு பலகை என்னவென்று ஒருநாள் கிட்டப் போய்ப் பார்த்தேன். கழிவு எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன சென்ட்ரிங் பிளைவுட், அதாவது கான்கிரீட் வார்க்க அச்சாக அடிக்கும் பலகை. பிளாஸ்டிக் இழையில் நெய்த சிமெண்ட் சாக்குகள். பிவிசி பைப்பின் வெட்டுத் துண்டுகள், தெர்மாகோல், வயர் மிச்சம், அடியில் கொஞ்சம் தின்னரோடு ஒரு தகர டப்பா. தீ பிடித்ததும் முதலில் சாதாரண மஞ்சள்தான். அப்புறம் ஓரத்தில் பச்சையாக ஒரு சுடர் எழுந்தது. பார்க்க அழகாகவே இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். வயரில் இருக்கும் செம்பும் பிவிசியில் இருக்கும் குளோரினும் சேர்ந்து எரிந்தால் அந்தப் பச்சை வரும் என்று பிறகுதான் படித்தேன்.

பிவிசியின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியே வரும். அது ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் கண்ணும் தொண்டையும் எப்போதும் ஈரமாகத்தானே இருக்கின்றன? கண் ஏன் எரிகிறது என்று கேட்கிற புத்திசாலிகளுக்குப் பதில் இதுதான். இதே தீயில் டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்களும் உருவாகும். அவற்றில் மிகக் கொடியதான டிசிடிடியை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது. முறையான எரிஉலைகளில் புகையைக் குறைந்தது 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு நொடி வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. அதற்கு மேல் வடிகட்டிகள், அளவீட்டுக் கருவிகள். இங்கே? ஒரு தீக்குச்சி, கிளறிவிட ஒரு கம்பி.

பழைய வீட்டை இடித்த மரமென்றால் கேட்கவே வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். கரையான் அரிக்காமல் இருக்கக் குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமும் அதில் இருக்கலாம். அதை எரித்தால் ஆர்செனிக் எங்கேயும் மறைந்துவிடாது. கொஞ்சம் புகையோடு போகும், மீதி சாம்பலில் கிடக்கும். அந்தச் சாம்பலில்தான் மறுநாள் தெருப் பிள்ளைகளின் பந்து போய் விழுகிறது. அதிலேயே கிடக்கும் ஆணிகள் என் வண்டி டயரை இரண்டு முறை பதம் பார்த்ததைத் தனிக் கணக்காக வைத்திருக்கிறேன்.

சரி, பொழுதாவது பார்த்து வைக்கிறார்களா? அதுவும் இல்லை. வெயில் இறங்கித் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்துவிட்டால் புகை மேலே எழும்பாது. பந்தல் போட்ட மாதிரி வீடுகளுக்கு நடுவிலேயே தங்கிவிடும். கொளுத்தச் சொன்னவர் வண்டியேறிப் போய்விடுவார். படுக்கையில் இருமிக்கொண்டு கிடப்பது நாங்கள்.

புகார் கொடுக்காமல் இல்லை. போன் செய்தேன், எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். தண்ணீர் தெளித்து ஆறிப்போன சாம்பலைப் பார்த்தார். "இப்ப எதுவும் எரியலையே?" என்றார். ராத்திரி எரிந்தது பகல் பதினொரு மணிக்கும் எரிந்துகொண்டே இருக்குமா ஐயா? நான் கத்திய பிறகு, காவலாளியைக் கூப்பிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். குப்பையை வண்டி வைத்து அகற்ற ஆகும் காசை மிச்சம் பிடித்தவர் ஒருவர், திட்டு வாங்கியவர் கொளுத்தச் சொன்னதைக் கொளுத்திய மனிதர். இதற்குப் பெயர் நடவடிக்கையாம்.

சட்டம் இல்லாமலா இப்படி? இந்தியாவை எடுத்துக்கொண்டால், திறந்த வெளியில் குப்பை எரிக்க நாடு முழுவதும் தடை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம். வீட்டு வாசலில் சருகு எரிப்பவருக்கு 5,000 வலிக்கும். மாடி மேல் மாடியாக எழுப்புகிறவருக்கு 25,000 ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். அதுவும் எட்டு மாதத்தில் ஒருமுறை பிடிபட்டால் உண்டு.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிரிட்டனின் 1993-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தைப் பாருங்கள். தொழில் நடக்கும் இடத்திலிருந்து கரும்புகை வந்தால் அந்த இடத்தைக் கையில் வைத்திருப்பவரே குற்றவாளி. எரிய விட்டவரும் கூடவே குற்றவாளி. கரும்புகை வரக்கூடிய பொருளை அங்கே எரித்திருந்தாலே புகை வந்ததாகத்தான் கொள்ளப்படும். வரவில்லை என்றால் அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆறிய சாம்பலைக் காட்டித் தப்பிக்கிற வழியை அங்கேயே அடைத்துவிட்டார்கள். உலோகத்துக்காகக் கேபிள் உறையை எரிப்பதற்கு அதே சட்டத்தில் தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள், அனுமதி பெற்ற ஆலைக்கு மட்டும் விதிவிலக்கு. எழுதியவர் எந்தப் பச்சைச் சுடரைப் பார்த்தாரோ!

நேற்று இரண்டாவது புகார் எழுதினேன். காவலாளி பெயர் அதில் இல்லை. கட்டடத்து கேட்டில் தொங்கும் பலகையில் இருந்த உரிமையாளர் பெயர், கான்ட்ராக்டர் பெயர், அனுமதி எண் மூன்றையும் எழுத்துப் பிசகாமல் எழுதினேன். மொட்டை மாடியிலிருந்து எடுத்த ஒன்பது நாள் படங்களைத் தேதி, நேரத்தோடு இணைத்திருக்கிறேன். பத்தாவது படம் இன்று ஆறரைக்கு.