ஆடேஷியஸ் மூழ்கியது டார்பிடோவால் அல்ல

1914 அக்டோபரில் அயர்லாந்தின் வடகரைக்கு அப்பால் மூழ்கிய பிரிட்டிஷ் டிரெட்நாட் (பெரிய பீரங்கிகள் கொண்ட) போர்க்கப்பல் ஆடேஷியஸ், ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவுக்குப் பலியானது என்று சிலர் சொல்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. அது மோதியது ஒரு கடல் கண்ணிவெடியில். பெர்லின் என்ற ஜெர்மன் பயணிகள் கப்பலைக் கண்ணிவெடி போடும் கப்பலாக மாற்றி அனுப்பியிருந்தார்கள். டோரி தீவுக்கு அருகே வெடிகளை விதைத்துவிட்டுப் போனது அதுதான்.

குழப்பம் வந்ததில் வியப்பில்லை. அக்டோபர் 27 காலை வெடித்ததும் கப்பலின் கேப்டனே நீர்மூழ்கி என்றுதான் முதலில் நினைத்து எச்சரிக்கைக் கொடி ஏற்றினார். அந்தப் பயத்தில்தான் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜெல்லிகோ மற்ற போர்க்கப்பல்களை உதவிக்கு அனுப்பவில்லை. ஒலிம்பிக் பயணிகள் கப்பல் இழுத்துச் செல்லப் பார்த்தது, கயிறு நிற்கவில்லை. இரவு ஒன்பது மணி வாக்கில் பெரிய வெடிப்போடு ஆடேஷியஸ் மூழ்கியது. இழப்பைப் போர் முடியும்வரை பிரிட்டன் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1918 நவம்பரில்தான் அறிவித்தது. அதற்குள் வதந்தி வேர்விட்டிருக்கும்.

சரிபார்ப்பது எளிது. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கிய கப்பல்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, அதில் ஆடேஷியஸ் வராது. அப்புறம், ஆடேஷியஸ் மூழ்கியதற்கு முந்தைய நாள் மான்செஸ்டர் காமர்ஸ் என்ற சரக்குக் கப்பல் எப்படி மூழ்கியது என்று தேடிப் பாருங்கள்: அதே கடற்பகுதி, அதே பெர்லின் போட்ட கண்ணிவெடி.